வரைபடத்தில் 500 மீட்டர் வட்டம் போடுவது எப்படி: ஜிஐஎஸ் முதல் பாடம்

கைப்பேசியில் வழி பார்க்கிற எல்லோருக்கும் டிஜிட்டல் வரைபடம் பழக்கம்தான். அதில் நாம் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்வி: இங்கிருந்து அங்கே எப்படிப் போவது? ஜிஐஎஸ் எனப்படும் புவியியல் தகவல் முறைமையிடம் இன்னும் பெரிய கேள்விகளைக் கேட்கலாம். "பொதுக் குடிநீர்க் குழாயிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால் இருக்கிற வீடுகள் எவை?" என்று கேட்டால், அந்த வீடுகளைத் தனித்தனியாக எடுத்துக் காட்டும். இந்தப் பாடத்தில் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை காணப் போகிறோம்: ஒவ்வொரு குழாயையும் சுற்றி 500 மீட்டர் வட்டம் போட்டு, அதற்கு வெளியே இருக்கும் வீடுகளை எடுப்போம். ஐந்தாம் படியை அவசரமில்லாமல் படியுங்கள். புதிதாக வருகிறவர்கள் தவறான விடையைச் சரியென்று நம்பிவிடும் இடம் அதுதான்.

மென்பொருள்: க்யூஜிஐஎஸ். இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிறுவிவிட்டு வாருங்கள்.

படி 1: அடுக்குகளாக யோசிப்பது

1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறப்புகள் நடந்த வீடுகளையும் தண்ணீர்க் குழாய்களையும் ஒரே தெருப்படத்தில் குறித்தார். இறப்புகள் பிராட் தெருக் குழாயைச் சுற்றிக் குவிந்திருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. வீடுகளின் பட்டியலையோ குழாய்களின் பட்டியலையோ தனியாகப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்காது.

ஜிஐஎஸ் செய்வதும் இதையேதான். ஒவ்வொரு வகைத் தகவலும் ஓர் அடுக்கு. குழாய் என்றால் புள்ளி, சாலை என்றால் கோடு, வீடு என்றால் மூடிய வடிவம். இந்த மூன்றையும் வெக்டர் என்பார்கள். ஒவ்வொரு வடிவத்துக்குப் பின்னாலும் அட்டவணையில் ஒரு வரிசை இருக்கும். செயற்கைக்கோள் படம் மாதிரி கட்டம் கட்டமாக இருப்பது ராஸ்டர். இன்று நமக்கு வெக்டர் போதும்.

படி 2: குழாய்களின் அட்டவணை

ஏதாவது விரிதாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: எண், பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை. ஒவ்வொரு குழாயடியிலும் நின்று கைப்பேசி காட்டும் இடக்குறிப்பை எழுதிக்கொண்டு வந்து நிரப்பி, சிஎஸ்வி (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் எளிய உரை) கோப்பாகச் சேமியுங்கள்.

இடக்குறிப்பைப் பதின்மத்தில் எழுதுங்கள். 13 பாகை 30 கலை என்பது 13.5, 13.30 அல்ல. ஐந்து பதின்ம இலக்கங்கள் போதும். ஐந்தாவது இலக்கமே ஏறத்தாழ 1 மீட்டரைக் குறிக்கிறது. கைப்பேசி ஜிபிஎஸ் திறந்த வானத்தின் கீழேயே சில மீட்டர் பிசகும் என்பதால், எட்டு இலக்கம் எழுதினாலும் துல்லியம் கூடாது.

படி 3: வரைபடத்தில் ஏற்றுதல்

க்யூஜிஐஎஸ் திறந்ததும் இடப்பக்கம் பிரவுசர் பலகையில் 'எக்ஸ்ஒய்இசட் டைல்ஸ்' இருக்கும். அதற்குள் உள்ள ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை இருமுறை சொடுக்குங்கள். பின்னணி வந்துவிடும்.

அப்புறம் 'லேயர்' மெனுவில் 'ஆட் லேயர்', அதில் 'ஆட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர்'. உங்கள் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகை, ஒய் என்ற இடத்தில் அட்சரேகை. பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியிருப்பதால் பலரும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். ஆய முறை, அதாவது இடத்தை எண்களாகக் குறிக்கும் முறை, கேட்கும் இடத்தில் ஈபிஎஸ்ஜி 4326 கொடுங்கள். ஈபிஎஸ்ஜி என்பது ஆய முறைகளுக்கு எண் கொடுக்கும் பட்டியல். 4326 என்பது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற ஆய முறையின் எண்.

புள்ளிகள் கண்டம் விட்டுக் கண்டம் போயிருந்தால் எக்ஸும் ஒய்யும் இடம் மாறியிருக்கும். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் ஒரு குழாய் தெரிந்தால், அந்த வரிசையில் இரண்டு எண்களுமே 0 என்று பதிவாகியிருக்கும். பூமத்திய ரேகையும் முதன்மைத் தீர்க்கரேகையும் வெட்டிக்கொள்வது அந்தக் கடலில்தான்.

படி 4: வீடுகள்

பின்னணியிலேயே வீடுகள் தெரிகின்றனவே, அப்புறம் எதற்குத் தனி அடுக்கு? பின்னணி வெறும் படம். பொதுவாக 256 பிக்சல் சதுரத் துண்டுகளாக வந்து ஒட்டிக்கொள்கிறது. முழு உலகும் ஒரே துண்டில் அடங்குவது பூஜ்ஜிய நிலை. ஒவ்வொரு முறை நெருங்கும்போதும் ஒரு துண்டு நான்காகப் பிரியும். பத்தாம் நிலையிலேயே 10,48,576 துண்டுகள். திரைக்குத் தேவையானது மட்டும் இறங்குவதால்தான் வேகமாக இருக்கிறது. ஆனால் படத்திடம் கேள்வி கேட்க முடியாது.

ஆகவே 'ப்ளகின்ஸ்' மெனு வழியாக 'குயிக்ஓஎஸ்எம்' என்ற நீட்சியை நிறுவுங்கள். கீ என்ற இடத்தில் 'பில்டிங்' என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டி, திரையில் தெரியும் பரப்புக்கு மட்டும் கேளுங்கள். கட்டடங்கள் தனி அடுக்காக வரும். அது தற்காலிக அடுக்கு, மென்பொருளை மூடினால் போய்விடும். உடனே ஜியோபேக்கேஜ் கோப்பாகச் சேமித்துவிடுங்கள்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் தொடங்கியது. தன்னார்வலர்கள் வரைந்து வளர்க்கும் வரைபடம். யாரும் இன்னும் வரையாத தெருவில் வீடுகள் இருந்தாலும் உங்கள் விடையில் அவை வராது. வரைபடத்தில் வெறுமையாக இருக்கும் இடத்தை ஆளில்லாத இடம் என்று எண்ணிவிடாதீர்கள்.

படி 5: பாகையை மீட்டராக்குவது

இப்போது குழாய் அடுக்கின் அலகு பாகை. இதன் மேல் 500 என்று வட்டம் போடச் சொன்னால், 500 பாகை என்று எடுத்துக்கொள்ளும். அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். விடை அபத்தமாக இருப்பதால் இந்தத் தவறு உடனே தெரிந்துவிடும்.

தெரியாமல் ஒளிந்திருக்கும் தவறு வேறு. இணைய வரைபடங்கள் பெரும்பாலும் ஈபிஎஸ்ஜி 3857 என்ற முறையில் இருக்கின்றன. அதன் அலகு மீட்டர் என்றே போட்டிருக்கும். "சரி, மீட்டர் வந்துவிட்டது" என்று அதிலேயே வட்டம் போட்டுவிடத் தோன்றும். ஆனால் அது மெர்கேட்டர் என்ற வரைபடக் கலைஞர், உருண்டைப் பூமியைத் தட்டையாக வரைய 1569இல் வெளியிட்ட ப்ரொஜெக்‌ஷனின் வழிவந்தது. திசைகாட்டியின் ஒரே திசையில் செல்லும் பாதை அதில் நேர்கோடாக விழும், மாலுமிகளுக்கு அது பெரிய உதவி. அதற்கான விலை, பூமத்திய ரேகையை விட்டு விலக விலக எல்லாம் பெருத்துப்போவது. ஆப்பிரிக்காவின் பரப்பு கிரீன்லாந்தைப் போல ஏறத்தாழ 14 மடங்கு. அந்த வரைபடத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. 60 பாகை அட்சரேகையில் நீளம் இரண்டு மடங்காகிவிடும். அங்கே நீங்கள் போடும் 500 மீட்டர் வட்டம் தரையில் வெறும் 250 மீட்டர். படம் அழகாகவே இருக்கும், எச்சரிக்கையும் வராது, தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும் வீடுகள் தொலைவில் இருப்பதாகக் கணக்காகும். அந்தப் பட்டியலை வைத்து யாராவது புதுக் குழாய்க்கு இடம் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வழி என்ன? யுடிஎம் என்பது உலகை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மீட்டரில் அளக்கும் ஆய முறை. அதில் உங்கள் பகுதிக்குரிய மண்டலத்துக்கு மாறுங்கள். உலகம் 6 பாகை அகலத்தில் 60 மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. தீர்க்கரேகையோடு 180 கூட்டி, 6ஆல் வகுத்து, பதின்மத்தை விட்டுவிட்டு, 1 கூட்டுங்கள். மேற்குத் தீர்க்கரேகை என்றால் குறை எண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு 80 பாகை என்றால் 260ஐ 6ஆல் வகுக்க 43 சொச்சம், ஆக மண்டலம் 44. வட அரைக்கோளம் என்றால் முன்னால் 326, தென் அரைக்கோளம் என்றால் 327. நம் எடுத்துக்காட்டு வடக்கே இருந்தால் ஈபிஎஸ்ஜி 32644.

'வெக்டர்' மெனுவில் 'டேட்டா மேனேஜ்மென்ட் டூல்ஸ்', அதில் 'ரீப்ரொஜெக்ட் லேயர்'. குழாய், வீடு இரண்டு அடுக்குகளையும் அந்த எண்ணுக்கு மாற்றுங்கள். அடுக்கின் பண்புகளில் போய் ஆய முறையின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. அது எண்களைத் தொடாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும் வேலை.

படி 6: வட்டமும் விடையும்

'வெக்டர்', 'ஜியோபிராசசிங் டூல்ஸ்', 'பஃபர்'. வட்டம் போடும் கருவி இந்த பஃபர்தான். புதிய குழாய் அடுக்கைக் கொடுத்து, தூரம் 500 மீட்டர் என்று போட்டு, 'டிசால்வ்' என்பதைக் குறியிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று விழும் வட்டங்கள் சேர்ந்துவிடும்.

அப்புறம் 'வெக்டர்', 'ரிசர்ச் டூல்ஸ்', 'செலக்ட் பை லொக்கேஷன்'. வீடுகளில், பஃபரோடு 'டிஸ்ஜாயின்ட்' ஆக இருப்பவற்றை, அதாவது எங்குமே தொடாதவற்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மஞ்சளாக மாறும் வீடுகள்தான் நீங்கள் தேடியவை.

இது நேர்கோட்டுத் தூரம். நடுவில் ஆறோ ரயில் பாதையோ இருந்தால் 300 மீட்டர் தள்ளியிருக்கும் குழாய்க்கு 2 கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டியிருக்கலாம். சாலைவழித் தூரம் கணக்கிட 'நெட்வொர்க் அனாலிசிஸ்' கருவிகள் இதே மென்பொருளில் இருக்கின்றன. பஃபர் பழகிய பிறகு அதைத் தொடுங்கள்.

படி 7: அச்சுக்கு

'ப்ராஜெக்ட்' மெனுவில் 'நியூ பிரிண்ட் லேஅவுட்'. வரைபடத்தோடு குறி விளக்கம், அளவுக்கோல் பட்டை இரண்டையும் சேருங்கள். 1:5000 என்று எண்ணாக எழுதினால், யாராவது படத்தைச் சுருக்கி அனுப்பிய நிமிடமே அது பொய்யாகிவிடும். பட்டை படத்தோடு சேர்ந்தே சுருங்கும். கீழே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றிக் குறிப்பு கட்டாயம். அதன் பக்கத்தில் நீங்கள் குழாய்களைக் குறித்த தேதியையும், 500 மீட்டர் நேர்கோட்டில் அளந்தது என்பதையும் எழுதிவிடுங்கள்.