எதிரிக் கைதியும் ஏழு வீரர்களும்: கட்டுரை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வில்லிஸ் ஹால் எழுதிய ‘தி லாங் அண்ட் தி ஷார்ட் அண்ட் தி டால்’ நாடகத்தில், பிடிபட்ட எதிரிக் கைதியின் மீது பிரிட்டிஷ் வீரர்கள் காட்டும் மனப்போக்குகளைப் பற்றிக் கட்டுரை எழுத உட்காருபவர்கள் பலர் முதலில் தாளின் நடுவே ஒரு கோடு கிழித்துவிடுகிறார்கள். இந்தப் பக்கம் கைதிக்காக இரங்குபவர்கள், அந்தப் பக்கம் அவனைக் கொல்லத் துடிப்பவர்கள். அந்தக் கோட்டில்தான் பிழை தொடங்குகிறது.

1942-இன் தொடக்கம். மலாயாக் காட்டில், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குடிசை ஒன்றில் ஏழு பேர் கொண்ட பிரிட்டிஷ் ரோந்துப் படை தங்கியிருக்கிறது. வழிதவறி உள்ளே வரும் ஜப்பானிய வீரன் ஒருவன் பிடிபடுகிறான். நாடகம் முழுவதும் இந்த ஒரே குடிசைக்குள் நடப்பதால், யார் என்ன நினைக்கிறார்கள் என்பதைவிட அந்த நினைப்பு எப்போது மாறுகிறது என்பதே கவனிக்க வேண்டியது.

அந்த ஏழு பேரில் ஒருவனான சாதாரண வீரன் பாம்ஃபோர்த்தை மகானாக்குவது அடிக்கடி காணும் தவறு. கைதி பிடிபட்டவுடன் அவனைக் குத்திக் கொல்லும்படி கார்ப்பரல் ஜான்ஸ்டன் ஆணையிடுகிறான். எவான்ஸ் என்ற வீரனுக்குக் கை வரவில்லை. அப்போது தான் செய்வதாக முன்வருபவன் இதே பாம்ஃபோர்த்தான். சார்ஜென்ட் மிச்செம் வந்து தடுக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிறகு பாம்ஃபோர்த்தே கைதியை ‘டோஜோ’ என்று கேலியாக அழைக்கிறான், வேடிக்கை காட்டுகிறான், கைதி நீட்டும் குடும்பப் புகைப்படங்களைப் பார்க்கிறான். டோஜோ அன்றைய ஜப்பானியப் பிரதமர். அந்தப் பட்டப்பெயரை இனவெறிக்குச் சான்றாகக் காட்டிவிட்டு அதோடு நிறுத்துபவர்கள், அதே வாய்தான் கடைசியில் கைதிக்காக வாதாடுகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். இகழ்ச்சியும் நெருக்கமும் ஒரே ஆளிடம் ஒரே பேச்சில் கலந்து வருகின்றன. அந்தக் கலப்பை எழுத வேண்டும். அதைப் பிரித்து இரண்டு பத்திகளில் அடுக்கிவிட்டால் பாம்ஃபோர்த் காணாமல் போய்விடுகிறான்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் நகர்பவன் லான்ஸ் கார்ப்பரல் மக்லீஷ். போர்க்கைதிக்கு உரிமை உண்டு, அவனைக் கொல்லக் கூடாது என்று முதலில் ஜெனீவா உடன்படிக்கையைப் பேசுபவன் அவன். “சட்டத்தின் குரல்” என்று கட்டுரைகளில் பெயர் வாங்கிவிடுகிறான். ஆனால் அவனுடைய தம்பி வேறொரு முனையில் போரிட்டுக்கொண்டிருக்கிறான். கைதியிடம் பிரிட்டிஷ் சிகரெட்டுகள் இருப்பது தெரிந்ததும், இறந்துபோன பிரிட்டிஷ் வீரர்களிடமிருந்து திருடியவை என்ற ஊகம் எழுகிறது. உடனே மக்லீஷின் நியாயம் பொடிப்பொடியாகிறது. கைதியின் குற்றம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. தம்பியைப் பற்றிய பயம் மட்டும் உருவம் பெற்றுவிட்டது. என் பார்வையில் நாடகத்தின் கூர்மையான இடம் இதுதான். பல கட்டுரைகள் ஒற்றை வரியில் இதைத் தாண்டிச் செல்வது வியப்பாக இருக்கிறது.

மிச்செமை ஜான்ஸ்டனோடு சேர்த்து எழுதுவதும் தவறு. ஜான்ஸ்டனுக்குத் தொடக்கத்திலிருந்தே கைதி என்பவன் தீர்க்க வேண்டிய தொல்லை. மிச்செமோ தகவல் கிடைக்கும் என்று அவனை உயிரோடு முகாமுக்குக் கொண்டுபோக நினைத்தவர். வயர்லெஸ்ஸில் ஜப்பானியக் குரல் கேட்டு, எதிரிப் படை முன்னேறிவிட்டது என்று புரிந்த பிறகே, கைதியைக் கூட்டிக்கொண்டு திரும்புவது முடியாத காரியம் என்ற முடிவுக்கு வருகிறார். இருவரும் ஒரே இடத்தில் வந்து நின்றாலும் வந்த வழி வேறு. தன் ஆட்களின் உயிருக்குப் பொறுப்பேற்றவரின் கணக்கு மிச்செமுடையது. அந்தக் கணக்கை ஏற்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதை வெறுப்பு என்று பெயர் சூட்டக் கூடாது.

இறுதியில் கைதியைச் சுடுபவன் வயர்லெஸ் இயக்கும் விட்டேக்கர். வெறுப்பு முற்றிய மனிதனைத் தேடினால் இவனிடம் கிடைக்காது. இருப்பவர்களிலேயே அதிகம் நடுங்குபவன் கையில் துப்பாக்கி இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சத்தம் எதிரியை அழைத்துவிடுகிறது. காயத்தோடு தப்பிச் சரணடைவது, முதலில் கொல்லச் சொன்ன ஜான்ஸ்டன் ஒருவனே.

ஆண்டுக் குழப்பம் ஒன்றும் உண்டு. சிலர் 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையை மேற்கோள் காட்டுகிறார்கள். கதை நடக்கும்போது நடப்பில் இருந்தது 1929-ஆம் ஆண்டின் உடன்படிக்கை. ஜப்பான் அதில் கையெழுத்திட்டும் முறைப்படி ஏற்புறுதி செய்யவில்லை. மக்லீஷின் வாதம் எவ்வளவு பலவீனமான தரையில் நின்றது என்பதற்கு இந்த விவரம் கைகொடுக்கும்.

கடைசியாக, படையின் மற்றொரு வீரனான ஸ்மித்தையும் எவான்ஸையும் துணைப்பாத்திரங்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாம்ஃபோர்த் கைதிக்கு முன்னால் நின்று ஆதரவு கேட்கும்போது யாரும் அவன் பக்கம் வருவதில்லை. எவான்ஸுக்கு ஒரு மனிதனைக் குத்த முடியவில்லை என்பது நமக்கு முன்பே தெரியும். குத்த முடியாதவனால் காப்பாற்றவும் முடியவில்லை. கைதியின் மீதான மனப்போக்குகளைப் பட்டியலிடும் எந்தக் கட்டுரையிலும் இந்த ஒதுங்கலுக்குத் தனிப் பத்தி இருக்க வேண்டும்.