கர்ப்பிணிக்கு ஒரு காலண்டர் தாள்

2020 ஊரடங்கில் என் தங்கை மகளுக்கு ஏழாம் மாசம். காரைக்குடி வீட்டில் வளைகாப்பு நின்றுபோன வருத்தம் ஒரு பக்கம். வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு நாள் முழுக்க போனில் கொரோனா சாவுக் கணக்கு பார்த்தது இன்னொரு பக்கம். “பயப்படாதடி”ன்னு சொல்லிச் சொல்லி எங்களுக்குத்தான் வாய் வலித்தது.

உதவியது காலண்டர் தாள். ராத்திரி படுக்கும் முன், மனசை அரிப்பதையெல்லாம் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதச் சொன்னோம். ‘காய்ச்சல் வந்தா குழந்தைக்கு என்ன ஆகும்?’ ‘நடுராத்திரி வலி வந்தா கார் கிடைக்குமா?’ முதலாவது டாக்டருக்கு. இரண்டாவதை மாப்பிள்ளை மறுநாளே டிரைவரிடம் பேசி முடித்தார். எழுதி வைத்தது அவ்வளவாகத் தலைக்குள் சுற்றவில்லை. செய்தி காலையில் பத்தே நிமிஷம், அதுவும் பாட்டி வாயால் (அவர் வடிகட்டினால் பாதிதான் மிஞ்சும்).

தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரம் நீடித்தால் மசக்கை என்று தள்ளாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சாகலாம் போலிருக்கிறது என்றால் அன்றைக்கே. மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. இப்போது அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு (டெலி மானஸ்) எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.