அழுகையை அடக்கிவிட்டுத்தான் ஜெபிக்க வேண்டுமா?

சாவு வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்கள் பலர், "அழாதீங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகுதான் ஆண்டவரிடம் போக வேண்டும் என்ற தவறான எண்ணம் அங்கேதான் வேர் பிடிக்கிறது.

தம்பி லாசருவைச் சாகக் கொடுத்த மார்த்தாள் அப்படிக் காத்திருக்கவில்லை. லாசருவைக் கல்லறையில் வைத்து நாலு நாள் ஆனபின் வந்த இயேசுவிடம் அவள் எடுத்த எடுப்பில் சொன்னது: "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." கொஞ்ச நேரத்தில் அவள் சகோதரி மரியாளும் வந்து அதையே சொல்கிறாள். விசுவாசமும் மனத்தாங்கலும் ஒரே வாக்கியத்தில்! இயேசு இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). பவுலும் நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றாரே தவிர (1 தெசலோனிக்கேயர் 4:13), துக்கிக்கவே கூடாது என்று சொல்லவில்லை.

ஆண்டவரிடம் கேள்வி கேட்டால் பாவம் என்ற பயமும் பலருக்கு உண்டு. 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் மட்டும் "எதுவரைக்கும்" என்று நாலு முறை வருகிறது. சரி, கடைசியில் துதியில்தானே முடிகிறது என்பீர்கள். 88ஆம் சங்கீதம் அப்படிக்கூட முடிவதில்லை. நண்பர்கள் விலகிப்போனார்கள் என்ற புலம்பலோடு நின்றுவிடுகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஜெபத்தையும் இழுத்துப்பிடித்து அல்லேலூயாவில் முடிக்க வேண்டியதில்லை.

வார்த்தை வரவில்லையே என்று ஜெபத்தையே விட்டுவிடுவது இன்னொரு தவறு. பிள்ளையில்லாமல் ஏங்கி ஜெபித்த அன்னாளுக்கு உதடுதான் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆசாரியனாகிய ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். ஆனாலும் அந்த ஜெபம் கேட்கப்பட்டது.

பிறருக்காக ஜெபிப்பவர்களுக்கும் ஒன்று: "தமக்குப் பிடித்த பூவை ஆண்டவர் பறித்துக்கொண்டார்" என்று ஜெபத்துக்குள்ளேயே காரணம் சொல்லாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அதைவிடக் கொடுமை வேறில்லை. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவைத் தேற்ற வந்த நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டதும் அவர்கள்மேல்தான் (யோபு 42:7).

அப்புறம், வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனால், ஜெபத்தோடுகூட மருத்துவரையும் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.