வயதை மட்டும் சொல்லிப் புத்தகம் கேட்காதீர்கள்

பெங்களூரு சர்ச் தெருவில் சனி, ஞாயிறு மாலைகளில் எந்தப் புத்தகக் கடையில் நின்றாலும் இது காதில் விழும்: "எட்டு வயசுப் பையன். நல்ல புக்கா ஒண்ணு குடுங்க." கடைக்காரரும் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வண்ணத்தாள் சுற்றிக்கொண்டு அது பிறந்தநாள் வீட்டுக்குப் போகும். அதோடு சரி, யாரும் அதைப் பிரிப்பதில்லை. இதில் கடைக்காரர் மேல் தப்பு இல்லை. வயதை மட்டும் சொன்னால் அவர் வேறு என்னதான் செய்வார்?

தனி ஆள் நடத்தும் சின்னக் கடைக்குப் போவதே அங்கே படித்த மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதற்காகத்தான். மியூசியம் சாலைப் பக்கம் 1971 முதல் 2009 வரை பிரீமியர் என்ற கடையை நடத்திய ஷான்பாக் அவர்களைப் பற்றி ஊரின் பழைய வாசகர்கள் இன்னும் பேசுகிறார்கள். கூரை தொடும் அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, யாருக்கு எது பிடிக்கும் என்று நினைவு வைத்திருந்து உருவிக் கொடுப்பாராம். இன்றைக்கு பிளாஸம், புக்வோர்ம், செலக்ட் மாதிரியான கடைகளிலும் அப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். நாம்தான் அவர்களுக்குச் சரியான தகவலைக் கொடுப்பதில்லை.

பிள்ளை கடைசியாக முழுதாகப் படித்த புத்தகம் எது? பாதியில் தூக்கிப் போட்டது எது? இப்போது வாங்குவதை அவனே படிக்கப் போகிறானா, யாராவது படித்துக் காட்டப் போகிறார்களா? இதையெல்லாம் சொல்லுங்கள். பாதியில் போட்டதைச் சொல்லப் பலருக்குக் கூச்சம். ஆனால் கடைக்காரருக்கு அதுதான் பெரிய துப்பு. எழுத்து பொடியாக இருந்ததா, கதை நகரவில்லையா, பேய் வந்து பயமுறுத்தியதா என்று ஒரு கேள்வி கேட்டாலே அவருக்குப் பாதை தெரிந்துவிடும்.

தமிழ்ப் புத்தகம் என்றால் வயதுக் கணக்கு இன்னும் மோசமாகப் பொய்க்கும். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வளரும் பிள்ளை வீட்டில் சரளமாகத் தமிழ் பேசும். பள்ளியில் படிப்பதோ ஆங்கிலமும் கன்னடமும், பெரும்பாலும் கூடவே இந்தியும். தமிழ் எழுத்தைப் பாட்டியோ ஞாயிற்றுக்கிழமை வகுப்போ சொல்லிக் கொடுத்திருந்தால் உண்டு. அதனால் பத்து வயதுப் பெண் ஆங்கிலத்தில் முந்நூறு பக்க நாவலை முடித்திருப்பாள், தமிழில் ஒன்றாம் வகுப்பு வாசிப்பில் நிற்பாள். "பத்து வயது" என்று கேட்டுத் தமிழ் நாவல் வாங்கிக் கொடுத்தால் அவளுக்குப் படிக்க வராது. "எறும்பும் புறாவும்" வாங்கிக் கொடுத்தால் சின்னப் பிள்ளைக் கதை என்று முகம் சுளிப்பாள். எழுத்து எளிதாக இருக்க வேண்டும், விஷயம் பத்து வயதுக்கு உரியதாக இருக்க வேண்டும். இதை இப்படியே கடையில் சொல்லிவிடுங்கள். விலங்குகள், ரயில், விண்வெளி என்று நிறையப் படமும் சின்னச் சின்ன வாக்கியமுமாக வரும் தகவல் புத்தகங்கள் இந்த இடத்தில் நன்றாகக் கைகொடுக்கும்.

இந்த ஊரில் இருக்கும் பிள்ளைகள் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் தன் கதைகளுக்கு வயது போடுவதில்லை, வாசிப்புப் படிநிலைதான் போடுகிறது. மொத்தம் நான்கு. 2015இல் அவர்கள் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம். பிள்ளை எந்தப் படியில் தடுக்காமல் போகிறது என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது. சென்னை தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படப் புத்தகங்களையும் பலர் வாங்குகிறார்கள். அழகான புத்தகங்கள்தான். ஆனால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளை ஆங்கில வரியை மட்டும் படித்துவிட்டு நழுவிவிடும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் வரியைப் படித்துக் காட்டுவதாக இருந்தால் அதை வாங்குங்கள். இல்லையென்றால் தமிழ் மட்டும் உள்ள பதிப்பைக் கேளுங்கள்.

வாங்கும் முன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். முதல் பக்கம் எப்போதும் எளிதாகத்தான் இருக்கும். "வந்துட்டான்" என்று பேசிப் பழகிய பிள்ளைக்கு "வந்துகொண்டிருந்தபோதெல்லாம்" என்று ஒரே மூச்சில் நீளும் சொல்லைப் பார்த்தாலே மலைப்பு வரும். ஒரு பக்கத்தில் அப்படி நாலைந்து இடத்தில் தடுக்கினால், அது இப்போதைக்குப் படித்துக் காட்ட வேண்டிய புத்தகம். பிறகு அவளே படிப்பாள்.

கைக்குழந்தைக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் போதும். கடிக்கத்தான் போகிறது.

பதின்வயதுக்காரர்கள் விஷயத்தில் நடக்கும் தவறு வேறு. கடைக்காரர் பையனைப் பார்த்து, "உனக்கு என்னப்பா பிடிக்கும்?" என்று கேட்பார். பதில் அப்பாவிடமிருந்து வரும்: "சயின்ஸ் சார், சயின்ஸ் பிடிக்கும்." பையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அப்பா பத்து நிமிடம் வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். இந்த வயதுக்குத் தமிழில் எழுதப்படுவது குறைவு, அதை மறைப்பதற்கில்லை. இருப்பதில் நான் முதலில் நீட்டுவது சுஜாதாவைத்தான். பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டு இதே ஊரில் இருந்து எழுதியவர். ஜீனோ என்ற இயந்திர நாய் வரும் 'என் இனிய இயந்திரா' இன்றைக்கும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடும்.

காமிக்ஸைப் பறித்துவிட்டுப் பொது அறிவுப் புத்தகத்தைக் கையில் திணிப்பவர்களுக்கு ஒரே ஒரு தகவல். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸில் எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் ஒரு தலைமுறையே பெரிய புத்தகங்களுக்கு வந்தது.

பெரியவர்களுக்கு வாங்கும்போது பேரப்பிள்ளைகள் ஆன்மிகம், இல்லையென்றால் 'பொன்னியின் செல்வன்' என்று இரண்டே கதவுகளைத் தட்டுகிறார்கள். பிடித்தால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் ஏகப்பட்ட பதிப்புகள் சந்தையில் இருக்கின்றன. சிலவற்றில் அச்சுப்பிழை கொட்டிக் கிடக்கும், சிலவற்றில் எழுத்து கடுகு அளவு. ஐந்து பாகத்தையும் ஒரே தொகுதியாகக் கட்டியதை வாங்கிப் போனால் விலை குறைவுதான், எழுபத்தைந்து வயதுத் தாத்தா அதைப் படுத்துக்கொண்டு படிக்க முடியாது. தனித்தனி பாகமாக, பெரிய எழுத்தில், விரித்தால் விரிந்து நிற்கும் தையல் கட்டாகக் கேளுங்கள். சுருக்கப் பதிப்பு என்று எங்காவது போட்டிருக்கிறதா என்றும் முதல் இரண்டு பக்கங்களில் தேடுங்கள். ஏற்கெனவே ஐந்து தடவை படித்தவருக்கு ஆறாவது தடவை அதையே கொடுக்க வேண்டுமா என்பதும் யோசிக்க வேண்டியதுதான்.

இந்த ஊரில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. மூன்று தலைமுறையாகக் கன்னடப் பள்ளியிலோ ஆங்கிலப் பள்ளியிலோ படித்தவர்கள். இவர்களுக்குப் பாசத்தோடு தமிழ் நாவல் பரிசளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஷோகேஸுக்குத்தான் போகும். அதே எழுத்தாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் சந்தோஷமாக எடுத்துத் தருவார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தமிழ் நன்றாகப் படிப்பார்கள், வருடக்கணக்கில் வாழும் ஊரின் இலக்கியம் எதுவும் தெரியாது. கன்னடத்திலிருந்து நேராகத் தமிழுக்கு வந்தவற்றைக் கேளுங்கள். பைரப்பாவின் 'பருவம்' பாவண்ணன் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிப் பெங்களூரு வந்து சேர்ந்த யூதப் பெண்ணைப் பற்றிய நேமிசந்திராவின் 'யாத் வஷேம்' நாவலை நல்லதம்பி தமிழாக்கி, 2022க்கான சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். வாசிப்பை விட்டுப் பல வருடம் ஆனவர்கள் இவ்வளவு கனமானதில் தொடங்க வேண்டாம். அசோகமித்திரனின் 'தண்ணீர்' மாதிரிச் சின்னதாக ஒன்று போதும். அது பிடித்தால், செகந்திராபாதில் வளரும் தமிழ்ப் பையனைச் சொல்லும் அவருடைய '18வது அட்சக்கோடு'. வெளியூர்த் தமிழர்கள் அதில் தங்கள் வீட்டைப் பார்ப்பார்கள்.

அரைமணி நேரம் கடைக்காரரிடம் பேசி, நாலு பரிந்துரை வாங்கி, அட்டையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய் இணையத்தில் தள்ளுபடிக்கு வாங்குவது இப்போது சகஜமாகிவிட்டது. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. கையில் காசு குறைவு என்றால் நேராகச் சொல்லிவிடலாம். பிளாஸத்திலும் புக்வோர்மிலும் பழைய புத்தகங்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். தமிழ் வாசகர்களுக்கு அல்சூர் ஏரிப் பக்கத்தில் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் இருக்கிறது. எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று தோன்றுவதை மட்டும் வாங்கலாம்.

கடைசியாக, "தமிழ் இங்கே கிடைக்காது" என்று அலமாரியைப் பார்த்த மாத்திரத்தில் திரும்பி விடாதீர்கள். சர்ச் தெருக் கடைகளில் ஆங்கிலம்தான் கண்ணுக்குத் தெரியும். வரவழைத்துத் தர முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்கும்போது தலைப்பை வாயால் மட்டும் சொன்னால் குழப்பம்தான், கணினியில் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக ஏற்றியிருப்பார்கள். அட்டைப் படமும், பதிப்பகத்தின் பெயரும், பின்னட்டையில் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணும் கையில் இருக்கட்டும். சென்னையிலிருந்து வர வேண்டியிருக்கும் என்பதால், பிறந்தநாளுக்கு முதல் நாள் போய் நிற்காமல் இரண்டு வாரம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.