கல்யாணப் படத்தை ஓவியமாக்குவது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

எங்கள் அத்தை மகள் கல்யாணம் திருவையாற்றுப் பக்கம், முற்றம் வைத்த பழைய வீட்டில் நடந்தது. நலங்கு வைக்கும்போது எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அவள் மணையில் உட்கார்ந்திருக்கிறாள். கன்னத்தில் சந்தனம். முற்றத்து வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுகிறது. பின்னால் தூணருகே அப்பாயி நிற்கிறார். ஆனால் அவரது பாதி உடம்பை வீடியோக்காரரின் லைட் ஸ்டாண்டு மறைத்துவிட்டது. அந்த ஸ்டாண்டு இல்லாமல் அப்பாயியை முழுதாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

செல்போன் செயலிகளில் ஒரே தட்டலில் படம் ஓவியம் போல மாறிவிடுமே என்று நினைக்கலாம். அந்த ஃபில்டருக்குக் கண் இமையும் டியூப்லைட்டும் ஒன்றுதான், இரண்டையும் ஒரே மாதிரி தீற்றிவிடும். எதை வைக்கலாம், எதை விடலாம் என்று நாம் முடிவெடுக்கிற இடத்தில்தான் ஓவியம் தொடங்குகிறது.

தேவையானவை

ஒரு கணினி, கிரிட்டா என்ற மென்பொருள், ஒரு பேனா டேப்லெட் (கணினியோடு இணைத்து, அதற்கான பேனாவால் வரைகிற பலகை). கிரிட்டா முழுக்க இலவசம். ஸ்வீடிஷ் மொழியில் அந்தப் பெயருக்கு வண்ணக்கட்டி என்று பொருள். மவுஸிலும் வரையலாம், ஆனால் அழுத்தத்துக்கு ஏற்ப கோடு தடிக்காது, மெலியாது. திரை இல்லாத சாதாரண டேப்லெட்டே ஆரம்பத்துக்குப் போதும்.

படத்தைத் தேர்ந்தெடுப்பது

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். நேரே முகத்தில் ஃப்ளாஷ் அடித்த படம் வேண்டாம், அதில் நிழலே இருக்காது. நிழல் இல்லாத முகத்தை வரைந்தால் தட்டையாகத்தான் வரும். திண்ணை, முற்றம், ஜன்னலோரம் என்று ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்த படத்தைத் தேடுங்கள். முகூர்த்த நேரத்துப் படத்தைவிட நலங்கு, மாலை கோத்தல், பெண்ணுக்குத் தலை பின்னுதல் போன்ற படங்களில் இது அதிகம் கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கியிருக்கும். போட்டோகிராபரிடம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லி, அனுமதியோடு அசல் கோப்பை வாங்குங்கள்.

12 க்கு 18 அங்குலத்தில் அச்சிட வேண்டுமானால் அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 3600 க்கு 5400 பிக்சல் வேண்டும். கணினி திணறினால் 200 வைத்துக்கொள்ளலாம். சுவரில் மாட்டிச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு அது போதும்.

நிறத்தைச் சரிசெய்வது

வீடியோ விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள் பூத்திருக்கும். அதை முதலில் குறையுங்கள். வேட்டியை வைத்து வெள்ளையைத் தீர்மானிக்காதீர்கள், பட்டு வேட்டி இயல்பிலேயே சந்தன நிறம். நெற்றி விபூதியைப் பார்த்துச் சரிசெய்வது என் வழக்கம்.

பெரிய தூரிகையில் தொடங்குவது

லேயர் என்பது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிற கண்ணாடித் தாள் போன்றது. கிரிட்டாவில் படத்தை அடி லேயரில் பூட்டிவிட்டு மேலே ஒரு புது லேயர் திறவுங்கள். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு படத்தைத் தொட்டால் அந்த இடத்து நிறம் தூரிகைக்கு வந்துவிடும். பெயரில் ‘வெட்’ என்று வருகிற தூரிகைகள், ஈரச் சாயம் போலப் பக்கத்து நிறத்தோடு கலக்கும்.

இப்போது கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பாருங்கள். வெளிச்சம், இடைநிறம், இருட்டு என்று மூன்று திட்டுகளாகத் தெரியும். அந்த மூன்றை மட்டும் 200, 300 பிக்சல் அகலத் தூரிகையால் போடுங்கள். கண், மூக்கு எதுவும் வேண்டாம். முகத்தில் தொடங்கக் கை பரபரக்கும், கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். அவ்வப்போது ‘எம்’ விசையைத் தட்டினால் படம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறும், சாய்வு இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

பின்னணியில் மைக் வயர், பிளாஸ்டிக் நாற்காலி, சீரியல் செட் எல்லாவற்றையும் தாராளமாக இருட்டில் கரைத்துவிடலாம். வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம், தூண், நாகஸ்வரக்காரரின் நிழல் ஆகியவற்றை மங்கலாகவாவது விட்டுவைப்பேன். எந்த ஊர்க் கல்யாணம் என்று சொல்வது அவைதாம்.

மறைந்துபோன அப்பாயியின் தோளை, அதே காலையில் எடுத்த வேறொரு படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தேன். நீங்கள் இப்படிச் செய்யும்போது இரண்டு படத்திலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒட்டுப்போட்டது போலத் தனியாகத் தெரியும்.

முகம்

யாரையும் வெளுக்க வைக்காதீர்கள். இதை நான் மிகவும் அழுத்திச் சொல்வேன். நம் ஆட்களின் மாநிறத்திலும் கறுப்பிலும் அத்தனை நிறங்கள் இருக்கின்றன. நிழல் பக்கத்துக்குக் கறுப்புச் சேர்த்தால் முகம் சாம்பல் பூத்துவிடும். செம்பழுப்பு சேர்த்துப் பாருங்கள், உயிர் வரும். திறந்த வானத்திலிருந்து வெளிச்சம் வந்திருந்தால் நெற்றி மேட்டில் லேசான நீலம் இருக்கும். சந்தனம் பூசிய கன்னத்தில் மஞ்சள் கூடும்.

தூரிகை கன்னத்தின் வளைவோடு சேர்ந்து ஓட வேண்டும். எல்லா விளிம்பையும் கூர்மையாக வைக்காதீர்கள். முடி நெற்றியைத் தொடுகிற இடம் கரைந்திருக்கட்டும், தாடை மாலைக்கு மேல் தெரிகிற இடம் மட்டும் தெளிவாக இருக்கட்டும். கண்ணின் வெள்ளை உண்மையில் வெள்ளை அல்ல, மேலிமையின் நிழல் விழுந்த சாம்பல். சிரித்தால் பல்லைத் தனித்தனியாக எண்ணி வரைய வேண்டாம், வெளிர்நிறப் பட்டை ஒன்று போதும். கண்மணியில் வைக்கிற ஒளிப்புள்ளிதான் கடைசி வேலை.

பட்டு, நகை, மாலை

தஞ்சாவூர் ஓவியத்தில் நகை இருக்கும் இடத்தைச் சுண்ணப் பசையால் புடைப்பாக எழுப்பி, மேலே தங்க ரேக்கு ஒட்டுவார்கள். அங்கே தங்கமே நேரடியாக வெளிச்சத்தை வாங்கித் தருகிறது. நம்மிடம் திரைதான் இருக்கிறது. மஞ்சளை அப்பினால் தங்கம் வராது. அடர் பழுப்பைப் பரப்பி, அதன் மேல் காவி மஞ்சள், அதற்கும் மேல் ஓரிரண்டு இடத்தில் கிட்டத்தட்ட வெள்ளையாக ஒரு புள்ளி வையுங்கள். சுற்றியிருக்கும் இருட்டுதான் அந்தப் புள்ளியை மின்ன வைக்கும்.

திருபுவனம் பட்டின் ஜரிகைக்கும் இதே கணக்குதான். மடிப்பின் உட்புறம் ஜரிகை வெறும் பழுப்பு, மேட்டில்தான் பொன். இழை இழையாக வரைய உட்கார்ந்தால் ஒரு வாரம் போகும், புடவையும் தகடு போலாகிவிடும். மடிப்பு திரும்புகிற ஒரு இடத்தில் மட்டும் கரையைத் தெளிவாக வரையுங்கள், மற்றதைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும். மாலையும் அப்படித்தான். மொத்தத்தையும் ஒரு நிறத் திட்டாகப் போட்டுவிட்டு, வெளிச்சம் படும் ஓரத்தில் பத்துப் பதினைந்து இதழ்களை மட்டும் பிரித்துக் காட்டுங்கள்.

இடையிடையே கன்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புதிய பதிப்பாகச் சேமிக்கும். ஒரு முகத்தை அளவுக்கு மீறி மழமழவென்று தேய்த்துவிட்டால் திரும்பிப் போக வழி வேண்டும்.

அச்சு

என் முதல் படம் அச்சில் இருண்டுபோய் வந்தது. அப்பாயி இருந்த இடமே தெரியவில்லை. காரணம், திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவைத்துக்கொண்டு வரைந்திருந்தேன். இப்போது பாதியளவுக்குக் குறைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன். அப்புறம், முதலில் சிறிய அளவில் ஒரு மாதிரி அச்சு எடுத்து, பகல் வெளிச்சத்தில் பார்க்கிறேன். கேன்வாஸில் அச்சிட்டுச் சட்டத்தில் மடித்து அடிப்பதாக இருந்தால் நாலு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வரைந்து வையுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் இருப்பவரின் கை மடிப்புக்குள் போய்விடும். பளபளப்பில்லாத கேன்வாஸே நல்லது, ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண் கூசாது.

மாட்டும்போது ஒரு கவனம். நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் சுவர் ஓதம் ஏறும். சட்டத்தின் பின்புறம் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள். அத்தை வீட்டுக் கூடத்தில் அப்படித்தான் மாட்டியிருக்கிறோம், அப்பாயி நின்ற அதே தூணுக்கு எதிரே.