எல்லைக் கோடும் ஓ.டி.பி.யும்: சிறு நகராட்சிகள் சறுக்கும் இடங்கள்

செங்கோட்டை வட்டாரத்துக்காரர்களுக்குக் கோடு என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1956 நவம்பர் 1 அன்று அந்தத் தாலுகாவே இரண்டாகப் பிரிந்தது. கிழக்குப் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆரியங்காவும் அச்சன்கோவிலும் கேரளத்தோடு நின்றன. கோடு போட்டவர்கள் போய்விட்டார்கள், கோடு இருக்கிறது.

இப்போது மலையடிவாரத்துச் சின்ன நகராட்சிகளில் பேசப்படுவது வேறு கோடு. ஊர் எதுவரை வளரலாம் என்ற கோடு. அதே மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவில் கடைசிக்கு முந்தின பொருளாக ஒரு மென்பொருளோ, கேமராவோ, தண்ணீர்த் தொட்டிக்கு சென்சாரோ இருக்கும். முதலாவதுக்கு இரண்டு மணி நேரம் சண்டை. இரண்டாவது, டீ வந்த நேரத்தில் ஏகமனதாக நிறைவேறிவிடும். இரண்டிலும் நடப்பது ஒரே தவறுதான் என்பது என் எண்ணம்: தீர்மானம் போடுகிற நாளைப் பார்க்கிறார்கள், அதைப் பத்து வருஷம் கட்டி மேய்க்கப் போகிறவனைப் பார்ப்பதில்லை.

கோட்டிலிருந்து தொடங்குவோம். மூன்று கோடுகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் முதல் சறுக்கல். நகராட்சி எல்லை என்பது வரி வாங்குகிற, சாக்கடை அள்ளுகிற எல்லை. திட்டப் பகுதி என்பது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி எந்த நிலம் எதற்கு என்று வகுக்கிற எல்லை. அது பக்கத்து ஊராட்சிகளுக்குள்ளும் போகும். வளர்ச்சி எல்லை என்பது இதற்கு வெளியே ஊர் பரவக் கூடாது, உள்ளே நெருக்கிக் கட்டிக்கொள் என்கிற கட்டுப்பாடு. நம் ஊரில் அதை முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் விவசாய மண்டலம் என்று நிறம் தீட்டித்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. நடப்பது என்னவென்றால், நாலு ஊராட்சியை நகராட்சியோடு சேர்த்துவிட்டு, வளர்ச்சியைக் கட்டுப்படுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மனை விற்பவர் காதில் அது நேர்மாறாக விழும். "நகராட்சி எல்லைக்குள்" என்று மறுநாளே போர்டு வைத்துவிடுவார்.

வளர்ச்சி எல்லைக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம். 1973-இல் அங்கே சட்டம் வந்தது. போர்ட்லாந்து வட்டாரத்தின் கோடு 1979-இல் விழுந்தது. கோட்டுக்குள் அடுத்த 20 ஆண்டுக்கு வேண்டிய நிலம் இருக்கிறதா என்று அங்கே குறிப்பிட்ட கால இடைவெளியில் கணக்குப் பார்ப்பார்கள், போதாவிட்டால் கோட்டை நகர்த்துவார்கள். இங்கே பேச்சில் வருவது கோடு மட்டும்தான், கணக்கு வருவதில்லை.

அந்தக் கணக்கில் முதலில் வர வேண்டியது தண்ணீர். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளொன்றுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களில் வழக்கமாக வைக்கும் அளவு. 1,000 மனை, வீட்டுக்கு 4 பேர் என்றால் தினமும் 5,40,000 லிட்டர். இதை எந்தத் தொட்டியிலிருந்து கொடுப்பது? இதைக் கேட்ட உறுப்பினரை "வளர்ச்சிக்கு எதிரி" என்று சொல்லி உட்கார வைத்ததை ஒரு கூட்டத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். (ஊர் பெயர் வேண்டாம், இப்போது அங்கே லாரித் தண்ணீர்.)

அப்புறம் நஞ்சை. இந்தப் பக்கம் வயலுக்கு நடுவே மனை போட்டால் போவது அந்த ஒரு வயல் மட்டும் இல்லை. வாய்க்காலை மண் போட்டு மூடிப் பாதை எடுத்தால் கீழ்மடைக்காரனுக்குத் தண்ணீர் வராது. குளத்தின் மறுகால் போகிற வழியில் வீடு வந்தால் ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வரும். திட்டப் பகுதிக்கு வெளியே நஞ்சையை வேறு உபயோகத்துக்கு மாற்ற மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2008-லேயே நெல்வயலுக்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். ஆனால் மன்றத்துக்கு வரும் வரைபடத்தில் பெரும்பாலும் சாலை இருக்கும், வாய்க்கால் இருக்காது. நீர்வளத் துறை வரைபடத்தையும் வருவாய்த் துறையின் புல வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்காமல் கோட்டைப் பற்றிப் பேசுவதே வீண்.

வரி வருமானத்தை மட்டும் எண்ணி ஊராட்சிகளைச் சேர்ப்பது இன்னொரு அவசரம். மக்கள் நூறு நாள் வேலை என்று சொல்லும் ஊரக வேலைத் திட்டம் நகராட்சிக்குள் கிடையாது. மனுவோடு பெண்கள் வாசலில் வந்து உட்காரும்போதுதான் அது நினைவுக்கு வரும். வருகிற வரியையும் புதிதாகப் போட வேண்டிய தெருவிளக்கு, குப்பை வண்டி, துப்புரவுப் பணியாளர் சம்பளத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் பல இடங்களில் ஆசை தணிந்துவிடும்.

சரி, கோடும் கணினியும் எங்கே சந்திக்கின்றன? லேஅவுட்டின் சாலைகளையும் (3,000 சதுர மீட்டருக்கு மேலானால் அதில் 10 சதவீதப் பொது இடத்தையும்) மனை போட்டவர் நகராட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திரம் அலுவலக பீரோவில் இருக்கும். கணினியில் இருக்காது. பத்து வருஷம் கழித்துப் பூங்கா இடத்தில் யாரோ வீடு கட்டி, அந்த வீட்டுக்கே நகராட்சி சொத்துவரி போட்டு ரசீதும் கொடுத்திருக்கும். 2016-இல் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவை உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தபோது, எது அங்கீகாரம் பெற்றது என்று தேடி அலைந்த அலைச்சல் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

கணினி விஷயத்தில் நான் கண்ட மோசமான தவறு மிகச் சின்னது. ஒரு நகராட்சியின் இணையக் கணக்குக்கு ஓ.டி.பி. போய்க்கொண்டிருந்தது, என்றோ மாறுதலாகிப் போன ஒரு எழுத்தரின் சொந்தக் கைப்பேசிக்கு. அவர் வேறு மாவட்டத்தில் இருக்கிறார், பாவம், கூப்பிடும்போதெல்லாம் எண்ணைப் படித்துக் காட்டுகிறார். அவர் சிம்மை மாற்றினால் அலுவலகம் நின்றுவிடும். கணக்கும் கடவுச்சொல்லும் பதவியின் பெயரில், அலுவலக எண்ணில் இருக்க வேண்டும். மாறுதல் உத்தரவு வந்தால் சாவிக்கொத்தை ஒப்படைப்பதுபோல இதையும் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும்.

டெண்டரில் விலையை மட்டும் பார்ப்பதும் பழைய வியாதி. முதல் வருஷம் மலிவு. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் மூன்றாம் வருஷத்திலிருந்து ஏறும். வேண்டாம் என்று விலகப் போனால் தரவு நம் கையில் இருக்காது, இருந்தாலும் வேறெதிலும் திறக்காத வடிவில் இருக்கும். எந்தக் கணினியிலும் தமிழ் ஒரே மாதிரி திறக்கும் யூனிகோடு குறியீட்டு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக அறிவித்துவிட்டது. அப்படியிருந்தும் பழைய எழுத்துருவில் அடித்த பதிவேடுகள் இன்னும் கிடக்கின்றன. திறந்தால் பெயர்களுக்குப் பதில் குறியீடுகள் வரும். ஒப்பந்தம் முடிந்ததும் முழுத் தரவையும் யூனிகோடில், எளிய அட்டவணையாகத் திருப்பித் தர வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதிவிடுவது நல்லது. சொத்துவரிக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் மாநில அளவில் இணையதளம் இருக்கும்போது அதே வேலைக்குத் தனியாக ஒன்று வாங்குவதும் நடக்கிறது. ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கணினிக்குள் யாராவது புகுந்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், கணினி தானாக எழுதிவைக்கும் இயக்கப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. இதற்குப் பொறுப்பாளர் யார் என்று ஒரு பெயர் எழுதி வைக்காத அலுவலகத்துக்கு ஆறு மணி நேரம் யாரைக் கூப்பிடுவது என்று தேடவே போதாது.

கடைசியாக, தீர்மானத்தின் வாசகம். "கிழக்கே ஓடை வரை" என்று எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஓடை நகரும், நகராவிட்டால் நகர்த்துவார்கள். புல எண், உட்பிரிவு எண் வாரியாகப் பட்டியல் போட்டு, வரைபடத்தோடு சேர்த்து, ஒரு நகலை மினிட் புத்தகத்தில் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த நகல் திறக்க ஓ.டி.பி. கேட்காது.