சீன மை ஓவியத்தில் மனிதனைத் தேடும்போது நேரும் தவறுகள்

சீனர்கள் நிலக்காட்சி ஓவியத்தை 'ஷான் ஷுய்' என்பார்கள்; மலை, நீர் என்பது அதன் நேர்ப்பொருள். பெயரில் மனிதன் இல்லாததாலோ என்னவோ, படத்தில் எறும்பளவே தெரியும் ஆட்களைக் கண்டதும், இயற்கையின் முன் மனிதன் அற்பன் என்பதே ஓவியரின் கருத்து என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். தவிர்க்க வேண்டிய முதல் தவறு இதுதான்.

கி.பி. 1000ஐ ஒட்டி ஃபான் குவான் பட்டில் வரைந்த, மலைகளுக்கும் ஓடைகளுக்கும் இடையே செல்லும் பயணிகளின் ஓவியம் இன்று தைபெயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு மீட்டருக்கும் சற்று மிகுந்த அதன் உயரத்தில் பெரும்பகுதியை ஒரே மலை அடைத்துக்கொண்டு நிற்க, கீழே வலப்பக்கம் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு சிலர் போகிறார்கள். அவர்கள் திகைத்து நிற்கவில்லை, அஞ்சி ஓடவுமில்லை. தங்கள் வேலையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பயணிகளுக்கு அருகே, இலைகளுக்கு நடுவில், ஓவியரின் கையெழுத்து ஒளிந்திருப்பது 1958இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. தன் பெயரை வைக்க அவர் மலையுச்சியைத் தேடவில்லை என்பது, என் பார்வையில், பல விளக்கவுரைகளைவிடத் தெளிவான விளக்கம்.

ஆளே இல்லாத படத்தில் மனிதனுக்கு இடமில்லை என்று எண்ணுவது இன்னொரு தவறு. நி ட்ஸான் 1372இல் வரைந்த 'ரோங்ஷி' குடிலின் ஓவியத்தில் சில மெலிந்த மரங்களும், அகன்ற நீர்ப்பரப்பும், அக்கரைக் குன்றுகளும், அவற்றோடு வெறுமையான ஒரு சிறு மண்டபமும் மட்டுமே உள்ளன. யுவான் ஆட்சியின் இறுதிக் கால அமளியில் சொத்துகளைத் துறந்து, 'தாய் ஹு' என்ற ஏரிப் பகுதியில் படகில் அலைந்தவர் அவர். அந்த மண்டபம் யாரோ எழுந்து போன இடம்போலவும், யாரோ வரவேண்டிய இடம்போலவும் தெரிகிறது.

மை தீண்டாத பரப்பை முடிக்காமல் விட்டதாகக் கருதவும் கூடாது. அது பெரும்பாலும் மூடுபனி அல்லது நீர்.

இந்த ஓவியர்களுக்குத் தொலைவைப் படத்தில் காட்டத் தெரியாது என்று சொல்வதும் சரியன்று. 'முன்வசந்தம்' என்ற ஓவியத்தை 1072இல் வரைந்த குவோ ஷி, அடிவாரத்திலிருந்து உச்சியை அண்ணாந்து காண்பது, முன்மலையிலிருந்து பின்மலையின் ஆழத்தை நோக்குவது, அருகிலிருந்து தொலைமலையைச் சமமாகப் பார்ப்பது என மூவகைத் தொலைவுகளைப் பிரித்துச் சொன்னவர். கண் ஓரிடத்தில் நிலைத்து நிற்காமல் நடந்துகொண்டே பார்க்கிறது என்பதுதான் இங்கு வேறுபாடு. வெறுமனே கடந்து செல்லவும் பார்க்கவும் ஏற்ற மலையைவிட, உலவவும் குடியிருக்கவும் ஏற்ற மலையே வரையத்தக்கது என்பதும் அவர் கருத்து.

ஆகவே நீளச் சுருளை முழுவதும் விரித்து ஒரே வீச்சில் பார்ப்பதும் பிழையே. ஹுவாங் கோங்வாங் 1350இல் முடித்த ஃபூசுன் மலைச் சுருளின் பெரும்பகுதி ஆறு மீட்டருக்கும் மேல் நீளமுடையது. அதனை வலமிருந்து இடமாக, ஒரு கை விரிக்க மறுகை சுருட்ட, தோளகலம் தோளகலமாகக் கடக்க வேண்டும். அப்போதுதான் ஆற்றங்கரைப் பாதையும், குடிசையும், மீன்பிடிப் படகும் வழியில் எதிர்ப்படுவதுபோல் ஒவ்வொன்றாக நம் முன் வரும்.